களிமண் தட்டு சுடுவதற்குத் தரமான ஷாட்கன் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: புதுக்குழல்

அனைவருக்கும் வணக்கம். மேல்கீழாக இரட்டைக்குழல் அமைந்த 12 போர் (குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்) ஷாட்கன் ஒன்றில் களிமண் தட்டு சுடப் பழகி வருகிறேன். பெரும்பாலும் டிராப், அதாவது விலகிப் பறக்கும் தட்டுகளைச் சுடும் வகை, சுடுகிறேன். இடையிடையே, தட்டு குறுக்கே பறக்கும் ஸ்கீட்டும் உண்டு. இதுவரை பயிற்சியாளர் எடுத்துக் கொடுத்த தோட்டாக்களையே சுட்டு வந்தேன். இனி நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிலையில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விவரங்களைப் படித்துப் படித்துக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

ஒரு பெட்டியில் 24 கிராம், 7½, நொடிக்கு 1,350 அடி என்று போட்டிருக்கிறது. அடுத்ததில் 28 கிராம், 8, நொடிக்கு 1,200 அடி. மூன்றாவதில் வேகமே இல்லை. அதற்குப் பதிலாக 2¾ டிராம் என்று ஓர் அளவு இருக்கிறது. எட்டாம் எண் என்று போட்ட இரண்டு பெட்டிகளில் குண்டின் விட்டம் ஒன்றில் 2.2 மில்லிமீட்டர், மற்றொன்றில் 2.3 மில்லிமீட்டர். இவற்றுக்கு மேல் "கெட்டியான குண்டு", "போட்டித் தரம்" போன்ற சொற்கள் வேறு.

உடன் சுடுபவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். தட்டைத் தோட்டா உடைப்பதில்லை, சுடுபவர்தான் உடைக்கிறார், ஆகையால் மலிவானதே போதும் என்பது ஒரு தரப்பு. விலை உயர்ந்த, வேகமான தோட்டாவுக்கு மாறிய பிறகே தங்கள் எண்ணிக்கை கூடியது என்பது இன்னொரு தரப்பு. என் அனுபவத்தில் தெரிவது ஒன்றுதான்: நான்கு சுற்று சுட்டு முடிப்பதற்குள் தோள் வலிக்கத் தொடங்கிவிடுகிறது, கடைசிச் சுற்றில் சுடுவதும் கெட்டுப்போகிறது.

தோட்டாவின் தரம் என்பது உண்மையில் எதில் இருக்கிறது? வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், வாங்கிய பின் எப்படிச் சோதித்துக்கொள்ள வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஈயவட்டம்

வணக்கம் நண்பரே. விலையையும் வேகத்தையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, குண்டிலிருந்து தொடங்குங்கள். தோட்டாவுக்குள் இருப்பவற்றில் தட்டை உடைப்பது குண்டு மட்டும்தான். பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, வாட் (மருந்துக்கும் குண்டுகளுக்கும் இடையே இருக்கும் அடைப்பு), உறை எல்லாம் அந்தக் குண்டுகளை உருக்குலையாமல் தட்டுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே இருக்கின்றன. அந்த வேலையை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யும் தோட்டாவைத்தான் நான் தரமான தோட்டா என்பேன்.

சுடும் கணத்தில், அசையாமல் கிடக்கும் குண்டுகளைப் பின்னாலிருந்து வாயுவின் அழுத்தம் தள்ளுவதால், அடியில் இருப்பவை மேலே இருப்பவற்றின் பாரத்தைத் தாங்கி நசுங்குகின்றன. பிறகு தோட்டா அறை முடிந்து குழல் குறுகும் இடத்திலும், கடைசியாகச் சோக்கிலும் (குழல்வாயை ஒட்டிய குறுகலான பகுதி) அவை மீண்டும் நெருக்கப்படுகின்றன. உருண்டை கெடாத குண்டு நேராகப் போகும்; ஒரு பக்கம் தட்டையாகிவிட்ட குண்டு காற்றில் சீக்கிரம் வேகமிழந்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போய்விடும். தூய ஈயம் மிக மென்மையானது என்பதால் அதில் ஆன்டிமனி கலந்து கெட்டிப்படுத்துகிறார்கள். மலிவான பயிற்சித் தோட்டாக்களில் இந்தக் கலப்பு பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டியும், போட்டித் தோட்டாக்களில் 5 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். ஆன்டிமனி ஈயத்தைவிட விலை கூடியது. இரண்டு பெட்டிகளுக்கு இடையே உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு பெரும் பங்கு இங்கேதான் போகிறது. சில தயாரிப்பாளர்கள் இந்தச் சதவீதத்தைப் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள், அல்லது தங்கள் விவரப் பட்டியலில் தருகிறார்கள். "போட்டித் தரம்" என்ற சொல்லைவிட அந்த ஒரு எண்ணை நான் அதிகம் நம்புவேன்.

கெட்டியான குண்டு எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 2.4 மில்லிமீட்டர் குண்டுகள் 24 கிராமில் ஏறக்குறைய 300 இருக்கும். முழுச் சோக்கில் சுட்டால், 40 கஜத்தில், அதாவது 36.6 மீட்டரில், 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் அவற்றில் 70 சதவீதம் விழ வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அப்படியானால் 210 குண்டுகள். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 4,560 சதுர சென்டிமீட்டர். சராசரியாக 22 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு குண்டுதான் வருகிறது. பன்னாட்டுப் போட்டித் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், உயரம் 25 மில்லிமீட்டரை ஒட்டியது. முழு முகமும் தெரிந்தால் 95 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் உங்களை விட்டு விலகிப் போகும் தட்டு தன் விளிம்பை மட்டும் காட்டும்போது கிடைப்பது 27 சதுர சென்டிமீட்டர் அளவுதான். அதன் மேல் சராசரியாக ஒன்றோ இரண்டோ குண்டுகள்தான் படும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. ஒரே ஒரு குண்டு பட்டுத் தூசி மட்டும் கிளம்பி, தட்டு அப்படியே பறந்து போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குண்டுகளில் பத்தில் ஒரு பங்கு உருக்குலைந்து வெளியே சிதறினால், இழப்பு இந்த மெல்லிய இடத்தில்தான் விழுகிறது. சரியாகக் குறிவைத்தும் தட்டு உடையாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

குண்டின் எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க 8 என்பது 2.29 மில்லிமீட்டர், பிரித்தானிய 8 என்பது 2.2 மில்லிமீட்டர். ஆகவே எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். டிராப்புக்கு 2.3 முதல் 2.4 வரை பொருத்தமாக இருக்கும். ஸ்கீட்டில் தட்டு 20 மீட்டரை ஒட்டிய தூரத்தில் உடைபடுவதால் 2.0 மில்லிமீட்டர் போதும். அந்த அளவில் 24 கிராமுக்கு 500க்கும் மேற்பட்ட குண்டுகள் கிடைக்கின்றன. சிறிய குண்டு தொலைவில் சீக்கிரம் ஆற்றலை இழந்துவிடும் என்பதால் ஸ்கீட் தோட்டாவை டிராப்புக்கு எடுத்துச் செல்லாதீர்கள். தரையில் உருண்டு ஓடும் முயல் தட்டுக்கு விளிம்பு தடிமனாக இருக்கும், அதற்கும் 2.4 தான் நல்லது.

எடையைப் பொறுத்தவரை, பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி குண்டுகளின் மொத்த எடை 24.5 கிராமையும், ஒரு குண்டின் விட்டம் 2.6 மில்லிமீட்டரையும், சுட்ட பின் உறையின் நீளம் 70 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் இரண்டுக்கும் இதுவே விதி. உள்ளூர்ச் சங்கங்கள் பல 28 கிராம் வரை அனுமதிக்கின்றன. இங்கே கவனிக்க வேண்டிய சிறு விஷயம் ஒன்று உண்டு: அமெரிக்கப் பெட்டிகளில் ⅞ அவுன்ஸ் என்று போட்டிருப்பது 24.8 கிராம், பயிற்சிக்கு அது 24 கிராமுக்குச் சமம்தான், ஆனால் ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி நடக்கும் போட்டியில் எடை போட்டுப் பார்த்தால் வரம்பைத் தாண்டிவிடும்.

உறையின் அடியில் இருக்கும் உலோகப் பகுதி உயரமாக இருந்தால் தோட்டா உயர்தரம் என்று பலர் நினைக்கிறார்கள். உயரத்துக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. அதைவிட உறையின் வாயைப் பாருங்கள். ஆறு அல்லது எட்டு மடிப்புகள் நடுவில் ஒரு புள்ளியில் சேர வேண்டும். எல்லா மடிப்பும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை இருந்தால் 2.0 மில்லிமீட்டர் குண்டு பையிலேயே உதிரும். மடிப்பின் இறுக்கம் தோட்டாவுக்குத் தோட்டா மாறினால், வெடிமருந்து எரியும் விதமும் மாறி, வேகமும் மாறும். ஒரு பெட்டியைத் திறந்து 25 தோட்டாக்களையும் வாய் மேலாக நிறுத்தி வைத்துப் பார்த்தால், அந்தத் தொழிற்சாலை எவ்வளவு அக்கறையோடு வேலை செய்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதில் 2: தோள்பட்டை

ஈயவட்டம் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஸ்கீட்டுக்கும் கெட்டியான குண்டே வேண்டும் என்று கேள்வி கேட்டவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். 20 மீட்டரில் நமக்குத் தேவை விரிவான பரவல். மென்மையான குண்டுகள் சிறிது நசுங்கி விலகுவதால் பரவல் விரிகிறதே தவிர, அந்தத் தூரத்தில் அடர்த்தி குறைந்து தட்டு தப்பும் அளவுக்குப் போவதில்லை. பரவலை வேண்டுமென்றே விரிப்பதற்காகத் தனியாகத் தயாரிக்கப்படும் ஸ்கீட் தோட்டாக்களும் இருக்கின்றன. ஆகவே ஸ்கீட்டுக்கும் கிட்டத்துத் தட்டுகளுக்கும் நல்ல மடிப்புள்ள, சீரான, மலிவான தோட்டாவே போதுமானது. கூடுதல் பணத்தை டிராப்புக்கு ஒதுக்குங்கள். அதிலும் இரண்டாவது தோட்டாவுக்கு ஒதுக்குங்கள். முதல் தோட்டா தவறி, தட்டு இன்னும் தள்ளிப் போன பிறகு சுடுவது அதைத்தான்.

இப்போது உங்கள் தோள் வலிக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான வரி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகம், முன்னால் போகும் குண்டு, வாட், வாயு ஆகியவற்றின் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. 3.6 கிலோ எடையுள்ள துப்பாக்கியில், நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் 28 கிராமுக்குப் பதிலாக 24 கிராம் சுட்டால், உதையின் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வேகத்தையும் சற்றுக் குறைத்துக்கொண்டால் இன்னும் குறையும். உதைக்கு அஞ்சும் உடல், விசையை இழுப்பதற்கு ஒரு கணம் முன்பே தானாக இறுகிக்கொள்கிறது, கண் இமைத்துவிடுகிறது, குழல் நகர்வது நின்றுவிடுகிறது. இந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் நீக்குவதற்கு நீண்ட காலம் பிடிக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இருப்பவருக்கு எந்த ஆன்டிமனியும் இந்த இழப்பை ஈடுகட்டாது. நீங்கள் நாளை முதல் 24 கிராமுக்கு மாறுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாறிய பின்னும் வலி நீடித்தால் துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் கட்டையின் நீளம் உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது தோட்டாவால் தீராத வலி.

வேகம் குறைந்தால் தட்டு தப்பிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. குழல்வாயில் நொடிக்கு 1,300 அடி வேகமுள்ள தோட்டாவையும் 1,200 அடி வேகமுள்ள தோட்டாவையும் ஒப்பிட்டால், வேகமானதன் மீது காற்றின் தடையும் அதிகம் என்பதால், 40 கஜத்தை அடையும்போது அந்த 100 அடி வித்தியாசம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. போய்ச் சேரும் நேரத்தில் உள்ள வேறுபாடு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் தட்டு அந்த நேரத்தில் தன் அகலத்தைவிடச் சற்றே அதிகமான தூரம் நகரும். 30 அங்குலப் பரவலுக்குள் அது பெரிய இடைவெளி இல்லை. பழகிக்கொண்டால் அறவே இல்லை. ஆனால் ஒரு நாள் 1,350, மறுநாள் 1,180 என்று மாற்றி மாற்றிச் சுட்டால், தட்டுக்கு எவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும் என்ற உணர்வு உடலில் படியவே படியாது.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை இன்னொரு நிறுவனத்தின் வேகத்தோடு நேராக ஒப்பிடவும் முடியாது. அமெரிக்காவில் குழல்வாயிலிருந்து 3 அடி தள்ளி அளப்பது வழக்கம், ஐரோப்பாவில் 2.5 மீட்டரில் அளந்த எண்ணும் இருக்கும், குழல்வாய்க்குக் கணக்கிட்டுச் சொன்ன எண்ணும் இருக்கும். 2¾ டிராம் என்று நீங்கள் பார்த்தது பழைய கரும்பொடி மருந்தின் அளவு. உள்ளே அவ்வளவு மருந்து இருக்கிறது என்று பொருளில்லை. அவ்வளவு கரும்பொடி தந்திருக்கக்கூடிய வேகத்தை இந்தத் தோட்டா தரும் என்று பொருள். 1⅛ அவுன்ஸ் குண்டோடு 2¾ டிராம் என்றால் நொடிக்கு 1,145 அடி, 3 டிராம் என்றால் 1,200 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: பழைய பட்டறை

துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், மேலே பேசப்படாத சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நல்ல தோட்டா என்பதற்கு முன்னால், உங்கள் துப்பாக்கிக்கு உரிய தோட்டா என்ற கேள்வி நிற்கிறது.

குழலின் பக்கவாட்டிலோ அடியிலோ தோட்டா அறையின் நீளமும் சோதனை முத்திரையும் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 65, 67.5, 70 மில்லிமீட்டர் ஆகியவை சுட்ட பின் வாய் விரிந்த நிலையில் உறையின் நீளம். சுடுவதற்கு முன் மடிந்திருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் தாராளமாக நுழைந்துவிடும், மூடியும் விடலாம். ஆனால் சுடும்போது விரிவதற்கு இடமின்றி அதன் வாய் குறுகலான பகுதிக்குள் தள்ளப்பட்டு, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதை ஒருபோதும் அனுமானத்தில் விட்டுவிடக் கூடாது. துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சோதிப்பதற்கான பன்னாட்டு ஆணையமான சி.ஐ.பி.யின் விதிமுறைப்படி 12 போரில் சாதாரணத் தோட்டாவின் உச்ச அழுத்தம் 740 பார், உயர் அழுத்தத் தோட்டாவுக்கு 1,050 பார். களிமண் தட்டுக்கு இரண்டாவது வகை தேவையே இல்லை.

20 போர் துப்பாக்கியும் உள்ள வீட்டிலோ சுடுதளத்திலோ இரண்டு தோட்டாக்களையும் ஒரே பையில் போடாதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் விழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் குழலுக்குள் சற்றே முன்னால் போய்ச் சிக்கி நிற்கும். அறை காலியாக இருக்கிறதே என்று அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவின் உறையை மஞ்சளாகச் செய்வதே இதற்காகத்தான்.

சுடும்போது வழக்கமான ஓசைக்குப் பதிலாக "புஸ்" என்று அடங்கிய ஓசை வந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்து சரியாக எரியாமல் வாட் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி சிறிது நேரம் காத்திருந்து, பிறகு திறக்க வேண்டும். நல்ல தயாரிப்பாளரின் பெட்டியில் இவை இரண்டும் மிக அரிது. ஒரே பெட்டியில் இரண்டு முறை நேர்ந்தால், அந்தத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தரத்தைச் சொல்லும் இன்னொரு சாட்சி சுட்ட உறை. வெளியே எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் பிரைமரைச் சுற்றிக் கரி கசிந்திருக்கிறதா, உறையின் பக்கத்தில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா, வாய் ஓரம் உருகியோ கிழிந்தோ போயிருக்கிறதா என்று கவனியுங்கள். உறையை வெளியே இழுக்கக் கை வலிக்கும்படி அழுத்த வேண்டியிருந்தால், அடியில் உள்ள உலோகம் சுட்ட பின் சுருங்காமல் அறையில் ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். பித்தளையைவிட இரும்பு அடிப்பகுதியில் இது கூடுதலாக நேரும். குழலுக்குள் எரியாத மருந்துத் துகள்கள் மஞ்சளும் பச்சையுமாகச் சிதறிக் கிடந்தால், குளிர்ந்த நாளில் அந்தத் தோட்டா இன்னும் மோசமாக எரியும் என்று எதிர்பார்க்கலாம்.

உங்களுடையது இரட்டைக்குழல் என்பதால் கவலையில்லை. செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், 24 கிராம் தோட்டாவில் சில துப்பாக்கிகள் அடுத்த தோட்டாவை ஏற்றும் அளவுக்கு இயங்குவதில்லை என்பதை நினைவில் வைத்து, கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: புதுக்குழல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் குழலில் 70 மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். 24 கிராம், 2.4 மில்லிமீட்டரில் இரண்டு வகைத் தோட்டாக்களை ஒவ்வொரு பெட்டி வாங்கியிருக்கிறேன். ஒன்றில் ஆன்டிமனி 3 சதவீதம், மற்றதில் 5 சதவீதம் என்று விவரப் பட்டியலில் இருக்கிறது. இவற்றை என் துப்பாக்கியில் காகிதத்தில் சுட்டு ஒப்பிட விரும்புகிறேன், அதை முறையாக எப்படிச் செய்வது?

இன்னொன்று. நான் சுடும் தளத்தில் அடுத்த பருவத்திலிருந்து பிளாஸ்டிக் வாட் உள்ள தோட்டாக்களுக்கு அனுமதியில்லை, நார் வாட் மட்டுமே என்று அறிவித்திருக்கிறார்கள். பின்னால் ஈயத்துக்குப் பதிலாக எஃகுக் குண்டுக்கு மாறவும் கூடும் என்ற பேச்சும் இருக்கிறது. அப்படியானால் இப்போது செய்யும் தேர்வு வீணாகிவிடுமா?

பதில் 4: ஈயவட்டம்

சோதனையைப் பற்றி நான் சொல்கிறேன். வாட் பற்றித் திறந்தவெளி என்ற நண்பர் நன்றாக அறிவார்.

நான்கடிக்கு நான்கடி காகிதம் வேண்டும். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். வட்டத்தை முன்கூட்டியே வரையாதீர்கள். குழல்வாயிலிருந்து காகிதம் வரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள், காலடியால் அளக்க வேண்டாம். 40 கஜம் என்பது தோட்டாக்களைத் தரப்படுத்தப் பயன்படும் தூரம். ஆனால் நீங்கள் தட்டை வழக்கமாக உடைப்பது 32 மீட்டரில் என்றால், அந்தத் தூரத்திலும் சுடுங்கள், உங்களுக்கு உண்மையில் பயன்படும் விடை அதில்தான் இருக்கிறது. ஒரு காகிதத்துக்கு ஒரு தோட்டா மட்டும். சுட்ட பின் துளைகள் மிக அடர்த்தியாக இருக்கும் இடத்தை மையமாகக் கொண்டு 30 அங்குல வட்டம் வரைந்து, உள்ளே விழுந்தவற்றை எண்ணி, மொத்தக் குண்டுகளில் அது எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். 40 கஜத்தில் 70 வந்தால் முழுச் சோக், 60 வந்தால் அரைச் சோக், 55 வந்தால் கால் சோக் என்ற அளவில் உங்கள் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து வேலை செய்கின்றன. சோக்கின் மேல் பொறித்திருக்கும் பெயர் ஒன்றாகவும் காகிதம் சொல்வது வேறாகவும் இருப்பது மிகச் சாதாரணம், காகிதத்தை நம்புங்கள்.

ஒரே ஒரு காகிதத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே பெட்டியிலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு தோட்டாக்களே பத்து சதவீதம் வரை வேறுபடலாம். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஐந்து, முடிந்தால் பத்துக் காகிதங்கள் சுட்டுச் சராசரி எடுங்கள். நான் சராசரியைவிட, மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்ப்பேன். 66, 69, 67, 70, 68 என்று வரும் தோட்டாவையும் 60, 76, 65, 73, 66 என்று வரும் தோட்டாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சராசரி 68 தான், ஆனால் போட்டிக்கு நான் எடுத்துப் போவது முதலாவதை.

எண்ணிக்கை முடிந்ததும் தட்டின் விளிம்பு அளவுக்கு, அதாவது 110க்கு 25 மில்லிமீட்டர் அளவில், ஓர் அட்டைத் துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதை வட்டத்துக்குள் அங்குமிங்கும் வைத்துப் பார்த்தால், ஒரு துளையும் தொடாமல் அது உட்கார எத்தனை இடம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். சதவீதம் நன்றாக இருந்தும் நடுவில் கொத்தாகவும் ஓரத்தில் வெறுமையாகவும் இருக்கும் பரவல்கள் இப்படித்தான் பிடிபடும். வட்டத்தின் மையம் நீங்கள் குறிவைத்த புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். டிராப் துப்பாக்கி சற்றே மேலே சுடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும், அது குறையன்று. இடமோ வலமோ விலகினால் துப்பாக்கியையும் உங்கள் கன்னம் கட்டையில் படியும் விதத்தையும் பார்க்க வேண்டும், தோட்டாவின் மேல் பழி போட வேண்டாம்.

உங்கள் இரண்டு வகைகளுக்குள் 3 சதவீதமே சீராக வந்தால் தயங்காமல் அதை வாங்குங்கள். ஃபெடரல், வின்செஸ்டர், ஃபியோக்கி, ஈலி என எந்தப் பெயரானாலும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை இரண்டு துப்பாக்கிகளில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதால்தான், இந்த வகையை வாங்குங்கள் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

பதில் 5: திறந்தவெளி

உங்கள் தேர்வு வீணாகாது, ஆனால் சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் வாட்டில் குண்டுகள் ஒரு கிண்ணத்துக்குள் அமர்ந்து போவதால் அவை குழலின் சுவரில் உரசுவதில்லை. வாயுவும் முன்னால் கசிவதில்லை. நார் வாட்டில் இந்தக் கிண்ணம் இல்லை. வெளி ஓரத்துக் குண்டுகள் குழலில் நேரடியாக உரசுவதால் உருக்குலைகின்றன, பரவல் பொதுவாகச் சற்று விரிகிறது, குழலில் ஈயப் படிவும் கூடுதலாகச் சேர்கிறது. குண்டு கெட்டியாக இருக்க வேண்டிய தேவை நார் வாட்டில்தான் அதிகம். அங்கே 5 சதவீத ஆன்டிமனிக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பயன் கண்கூடாகத் தெரியும். பரவல் விரிந்ததைக் காகிதத்தில் கண்டால் சோக்கை ஒரு படி இறுக்கிப் பாருங்கள். குழலையும் அடிக்கடி துடைத்து வையுங்கள்.

எஃகுக் குண்டு வேறு கதை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகின் அடர்த்தி 7.8 கிராமை ஒட்டியது. ஒரே விட்டமுள்ள எஃகுக் குண்டு எடை குறைந்தது என்பதால் தொலைவில் வேகத்தையும் ஆற்றலையும் சீக்கிரம் இழக்கும். ஈயத்தைவிட இரண்டு எண் குறைவான, அதாவது விட்டம் பெரிய, குண்டை எடுக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. எஃகு நசுங்காது, அதனால் பரவல் இறுக்கமாக வரும், ஈயத்துக்கு வைத்த சோக்கைவிடத் திறந்த சோக் போதும். நசுங்காத அதே குணத்தால் மிக இறுக்கமான சோக்கில் அது குழலைக் கெடுக்கவும் செய்யும். சாதாரண எஃகுத் தோட்டாவுக்கு அரைச் சோக்குக்கு மேல் போகாதிருப்பது நல்லது. பழைய மெல்லிய குழல்களில் அதைச் சுடவே கூடாது. குழலைக் காக்கும் தடித்த கிண்ணம் எஃகுக்குக் கட்டாயம் வேண்டும் என்பதால் சாதாரண நார் வாட் அதற்கு உதவாது. நாளடைவில் மக்கிப்போகும் பொருளால் செய்த கிண்ணங்கள் இதற்காகவே வந்திருக்கின்றன. கெட்டியான பரப்பில் பட்டால் எஃகுக் குண்டு தெறித்துத் திரும்பும் என்பதால் கண்ணாடி அணியாமல் தளத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஈயம் சுட்ட நாளிலும் ஒரு கவனம் வேண்டும்: கையையும் முகத்தையும் கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈயக் குண்டு சுடத் தடை இருக்கிறது. தளத்தின் அருகே நீர்நிலை இருந்தால் இத்தகைய மாற்றம் எங்கும் வரலாம். ஆகவே ஈயத் தோட்டாக்களைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: புதுக்குழல்

மிகத் தெளிவாக விளங்கிவிட்டது. இந்த வாரக் கடைசியில் இரண்டு வகைகளையும் ஐந்தைந்து காகிதங்களில் சுட்டுப் பார்க்கிறேன். நார் வாட் தோட்டா கிடைத்ததும் அதையும் இதே முறையில் சுடுவேன். கடைசியாக ஒன்று: பிடித்துப்போன தோட்டாவை ஒரு பருவத்துக்கு வேண்டிய அளவு மொத்தமாக வாங்கலாமா, அல்லது அவ்வப்போது வாங்குவது நல்லதா?

பதில் 6: பழைய பட்டறை

ஒரு பருவத்துக்கு வேண்டியதை ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். மருந்தின் தொகுதி மாறும்போது தொழிற்சாலைகள் அளவைத் திருத்திக்கொள்ளும் என்றாலும், பெயர் அதேயாக இருந்து நடத்தை சற்று மாறிவிடுவது உண்டு. அட்டைப் பெட்டிகளின் எண்ணையும் உள்ளிருக்கும் சிறு பெட்டிகளின் எண்ணையும் வாங்கும் இடத்திலேயே ஒத்துப் பாருங்கள். எவ்வளவு தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பதை உங்கள் உரிமத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைக்கும் இடம் பூட்டுள்ளதாகவும் உலர்ந்ததாகவும் வெப்பம் அதிகம் மாறாததாகவும் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் மருந்து சூடேறி அழுத்தம் கூடும். ஈரமான தரையில் வைத்தால் நார் வாட்டும் காகித உறையும் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். ஊதிய தோட்டா அறைக்குள் கையால் போட்டதும் தானாக இறங்காது. அப்படி ஒன்று கிடைத்தால் அழுத்தித் திணிக்காமல் தனியே எடுத்து வைத்து, அதே அடுக்கில் இருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அறையில் இட்டுப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.